தண்ணீரில் தெரிந்த இரட்டைச் சடை

ஆபீஸில் அவளுக்குச் "சலூன்" என்று பெயர். காலையில் அவள் குடையை மடக்கி மூலையில் சாய்ப்பதற்குள் கம்ப்யூட்டர்காரர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, சலூன் திறந்தாச்சா? இன்னைக்கு எத்தனை தலை?" என்பார். அவருக்கு உச்சி முழுக்க வழுக்கை. "நீங்க வரிசையில நிக்கவே வேணாம்ண்ணே, உங்ககிட்ட எனக்கு வேலையே இல்ல" என்று அவளும் விடமாட்டாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். சிரிக்கிற விஷயமா அது என்று கேட்டால் இல்லைதான். ஆனால் சில வேலைகளைச் சிரிக்காமல் வருஷக்கணக்கில் செய்ய முடியாது.

அது குழந்தைகளுக்குக் கதைப் புத்தகம் போடும் பதிப்பகம். கீழே குடோன், மேலே ஆபீஸ். அவள் அங்கே படம் வரைகிறவள். கதை எழுதி அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள். அவர்கள் பெண் குழந்தையை வைத்து எழுதிவிடுவார்கள். குகைக்குள் நுழைகிறவள், திருடனைத் துரத்துகிறவள், காட்டில் வழி கண்டுபிடிக்கிறவள் என்று வரும். இவள் ராப்பகலாக உட்கார்ந்து படத்தையும் முடித்த பிறகுதான் எடிட்டருக்கு ஞானோதயம் பிறக்கும். "கதை பிரமாதம்மா. ஆனா பையனா மாத்திடலாம். பொண்ணுங்க பையன் கதையையும் படிக்கும், பையன் பொண்ணு கதையைத் தொடவே மாட்டான். நானும் ரெண்டு பொண்ணு பெத்தவன்தான், தப்பா எடுத்துக்காதீங்க" என்பார். குரலை உயர்த்தத் தெரியாத மனுஷர். அவர் பேசி முடிக்கும்போது கேட்டவருக்குத்தான் ஏதோ புத்தி குறைச்சல் என்று தோன்றும்.

உடனே முடிவெட்டு. புதிதாக வரைய நேரம் ஏது? வெள்ளைப் பெயிண்டைக் குழைத்துச் சடையை மறைக்க வேண்டும். காதில் இருக்கிற தோட்டின் மேல் ஒரு புள்ளி வைக்க வேண்டும். கவுனுக்கு நடுவில் ஒரு கோடு இழுத்தால் கால்சட்டை ஆகிவிடும். முகத்தைத் தொடவே வேண்டாம், அதுதான் வேடிக்கை. அதே கண், அதே மூக்கு, அதே துணிச்சல். சடை போனதும் அட்டையில் "சுட்டிப் பையன்" என்று போட்டுவிடுவார்கள். கதையில் பெண் வாடையே இல்லாமல் போகக்கூடாது என்று ஒரு தங்கச்சியையும் சேர்ப்பார்கள். தங்கச்சி ஓரமாக நின்று கைதட்டுவாள். இவள் இதுவரை வரைந்த தங்கச்சிகளையெல்லாம் ஒரு இடத்தில் நிறுத்தினால் கைதட்டல் காதைப் பிளக்கும்.

சின்ன வயதிலேயே இவளுக்கு இதில் பயிற்சி உண்டு. வீட்டில் ஓவிய வகுப்புக்கு அனுப்பியது அண்ணனை. அண்ணனுக்கோ பென்சிலைக் கண்டாலே தூக்கம் வரும். வகுப்பில் கொடுத்துவிடும் படங்களை இவள்தான் போட்டுக் கொடுப்பாள். அப்படிப் போட்ட ஒரு படம் போட்டிக்குப் போய்ப் பரிசு வாங்கிவிட்டது. மேடையில் அண்ணனைக் கூப்பிட்டுக் கோப்பை கொடுத்தார்கள். அப்பா கண் கலங்கினார். இவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டினாள். அண்ணன் நல்லவன், வீட்டுக்கு வந்ததும் கோப்பையை இவளிடம் நீட்டினான். அம்மாதான் குறுக்கே வந்து, "ஆம்பளப் பிள்ளை ஜெயிச்சதாவே இருக்கட்டும்டி, உனக்கு எதுக்கு இது" என்று வாங்கி அலமாரியில் வைத்தாள். இவள் "சரிம்மா" என்றாள். அந்தச் "சரி" பிறகு வாயிலேயே குடியிருந்துவிட்டது. கல்யாணப் பேச்சுக்குச் சரி, அலுவலகத்தில் சரி, மாமியார் வீட்டில் சரி. இத்தனை சரிகளுக்கு நடுவில் படம் வரைகிற வேலையை மட்டும் எப்படி விடாமல் பிடித்துக்கொண்டாள் என்பது அவளுக்கே புரியாத விஷயம்.

வீட்டுக்காரருக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. நாள் முழுக்க எங்காவது ஒரு கட்டடத்தின் உச்சியில் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பார். குழந்தைகள் இரண்டு. பெரியவளுக்குப் பதினொரு வயது, சின்னவனுக்கு எட்டு. பெரியவள் அப்பாவின் ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டே வளர்ந்தவள். எது எந்த அளவு என்று கேட்காமலே எடுத்துக் கொடுப்பாள். சின்னவனுக்கு உயரம் என்றால் உதறல். மேல் பெர்த்தில் ஏற்றிவிட்டால் கூட, இறக்கிவிடச் சொல்லி ரயிலையே எழுப்புவான்.

படத்துக்கு ஆள் வேண்டும்போதெல்லாம் அம்மா பெரியவளைத்தான் நிறுத்துவாள். "கொஞ்சம் குனி. அப்படியே இரு. காலை எடுக்காத." ஸ்டூல் மேல் ஏறி நிற்பாள், கட்டிலுக்கடியில் தவழ்வாள், ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்குவாள். ஆக, அந்தப் பதிப்பகம் போட்ட சுட்டிப் பையன்கள் அத்தனை பேரும் இவள்தான். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அது அவளுக்குப் பெருமையாக இருந்தது. புத்தகத்தை விரித்து, "இந்தப் பையன் நான், இந்தப் பையனும் நான்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள். வர வரக் காட்டுவதை நிறுத்திவிட்டாள். அம்மா அதைக் கவனித்தாள். கவனித்து என்ன செய்தாள்? ஒன்றும் செய்யவில்லை.

அப்போதுதான் அந்தத் தண்ணீர்த் தொட்டி விவகாரம் வந்தது.

அவர்கள் குடியிருந்தது பல குடும்பங்கள் இருக்கிற பழைய கட்டடம். ஒரு நாள் மொட்டை மாடித் தொட்டி நிரம்பி, சுவர் வழியாகத் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. குழாயை அடைக்கிற மிதவை சிக்கிக்கொண்டது. வேலைக்குப் போன ஆண்கள் யாரும் வீட்டில் இல்லை. இருந்தவர்கள் கீழே நின்று, இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்து ஆளாளுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரியவள் யோசனை எதுவும் சொல்லவில்லை. வீட்டில் கிடந்த அப்பாவின் பழைய பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறினாள். துரு பிடித்த மிதவையைத் தட்டி அசைத்து விட்டாள். தண்ணீர் நின்றது. முழங்கை வரை சிராய்ப்போடு இறங்கி வந்து அவள் அம்மாவிடம் சொன்னது வேறு. "உள்ள எட்டிப் பாத்தேம்மா. என் மூஞ்சி அவ்ளோ பெருசா தெரிஞ்சுது. ரெண்டு சடையும் தொங்கிக்கிட்டு, பின்னால வானம். யாரோ மாதிரி இருந்தேன்."

சாயங்காலம் கட்டடத்துச் சொந்தக்காரர் நன்றி சொல்ல வந்தார். "யாரு மேல ஏறினது? உங்க வீட்டுப் பிள்ளைன்னாங்களே" என்று கேட்டார்.

வீட்டுக்காரர் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "எங்க பையன்தான் சார். என்னை மாதிரியே" என்றார்.

"நானா?" என்றான் சின்னவன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. பையன் வாயை மூடிக்கொண்டான்.

அவள் டீ டம்ளர்களோடு நின்றிருந்தாள். ஒரு டம்ளரைச் சொந்தக்காரரிடம் நீட்டினாள். பெரியவள் அப்பாவைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வை ரொம்ப நேரம் அவளை விட்டு நகரவில்லை. சொந்தக்காரர் போன பிறகு அவள் வீட்டுக்காரரிடம் காரணம் கேட்டதற்கு, "பொண்ணு ஏணி ஏறினான்னா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. கீழ அத்தனை பேர் நின்னு பாத்திருக்காங்க. விழுந்து கை கால் போயிருந்தா யாரு பொறுப்பு? இனிமே மாடிப் பக்கம் இவ போகக் கூடாது. ஏதாவதுன்னா தம்பி ஏறட்டும்" என்றார். தம்பி சுவரோடு ஒட்டிக்கொண்டான். அவர் கெட்டவர் இல்லை, மகள் மேல் உயிரையே வைத்திருக்கிறவர். அந்த உயிரை வைத்துத்தான் அவளைப் பூட்டினார்.

அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. சண்டை போடத் தெரியாதவள் என்ன செய்வாள்? ஆபீஸுக்குக் கதை கொண்டுவந்து தரும் டீச்சர் ஒருவர் உண்டு. அவர் வந்தபோது தொட்டிக் கதையை ஒன்று விடாமல் சொன்னாள். டீச்சர் அப்படியே எழுதிவிட்டார். எடிட்டருக்கும் பிடித்துவிட்டது. படம் போடச் சொல்லிக் கொடுத்ததும் அவள் வீட்டுக்கு ஓடோடி வந்து, "உன் கதைடி. நீதான். நீயேதான்" என்றாள். பெரியவள் நம்பாமல் இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். மறுநாளே வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள், மூச்சுக்கு முந்நூறு தடவை சொன்னாள். கண்ணால் பார்த்தவர்கள் கூட மறுத்துப் பேசாததால், தம்பிதான் ஏறினான் என்ற செய்தி கட்டடத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை போயிருந்தது. "புக்கு வரட்டும், அப்பத் தெரியும்" என்பது அவள் பதிலாக இருந்தது.

அந்தப் புத்தகத்துக்கு அவள் வேலை செய்தது போல வேறு எதற்கும் செய்ததில்லை. மகளை ஸ்டூலில் ஏற்றி, கீழே வாளியில் தண்ணீர் வைத்து, குனியச் சொல்லி வரைந்தாள். நடுப்பக்கம் முழுக்க ஒரே படம். தொட்டியின் விளிம்பில் வயிறு படியக் குனிந்திருக்கிற குழந்தை, கீழே தண்ணீரில் அதன் முகம். நிழல், புகை, தண்ணீரில் தெரிகிற உருவம் இதெல்லாம் வெளிறிப்போய் விழ வேண்டும் என்பதற்காக டிரேசிங் பேப்பரில் தனியாக வரைவது அவர்கள் வழக்கம். ஆபீஸில் அதை "நிழல் தாள்" என்பார்கள். மேல் படம் கெட்டித் தாளில் ஒரு கவரில் இருக்கும், நிழல் தாள் இன்னொரு கவரில் இருக்கும். கம்ப்யூட்டர்காரர்தான் இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பார். கோடு பிசகாமல் இருக்க வேண்டுமே என்று இரண்டு தாளையும் ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டது பெரியவள்தான். வெளிச்சத்தில் தன் முகமும் தன் நிழலும் ஒன்றின் மேல் ஒன்று உட்காருவதை அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படங்களைக் கொடுத்த பிறகு எடிட்டர் கூப்பிட்டனுப்பினார். 

"அருமையா வந்திருக்கும்மா. பையனாக்கிடுங்க."

"சார், இந்த ஒண்ணு மட்டும் அப்படியே விட்டுடலாமே" என்றாள். ஆபீஸில் அவள் கேட்ட முதல் கேள்வி அது. அதுவும் கேள்வி போலவே இல்லை, இருமல் போல வந்தது.

"உங்களுக்குத் தெரியாததா? ஏணி, தொட்டி, ஸ்பேனர் எல்லாமே பையன் சமாச்சாரம். டீச்சர்கிட்ட பேசிட்டேன், என்னவோ பண்ணுங்க, கதை வந்தா போதும்னுட்டாங்க. கீழ நின்னு கைதட்ட ஒரு தங்கச்சி போட்டுடுங்க."

"சரி சார்" என்றாள்.

வெள்ளைப் பெயிண்டைக் குழைத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மற்றப் படங்களில் சடை வெறும் சடை. இது அவள் தினமும் காலையில் சிக்கெடுத்துப் பின்னிவிடுகிற சடை, எந்தப் பக்கம் கொஞ்சம் மெலிசு என்று கூடத் தெரியும்.  கம்ப்யூட்டர்காரர் எட்டிப் பார்த்தார், அன்றைக்குச் சலூன் பேச்சு எடுக்கவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கிறவள் போல ஒரே மூச்சில் எல்லாப் பக்கத்தையும் முடித்தாள். தோடு போனது, சடை போனது, கவுன் கால்சட்டையானது. கவரை மேஜையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். நிழல் தாள் என்று ஒன்று இன்னொரு கவரில் இருக்கிறது என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. எத்தனையோ முடிவெட்டு செய்தவள், ஒரு தடவையும் இப்படித் தவறியதில்லை. அன்றைக்கு எப்போது முடியும், எப்போது அந்த மேஜையை விட்டு எழுந்திருப்போம் என்பது ஒன்றுதான் மனசில் இருந்தது.

வீட்டில் அவள் வாயே திறக்கவில்லை. "புக்கு எப்பம்மா வரும்?" என்று பெரியவள் கேட்கும்போதெல்லாம், "பிரஸ்ஸுல இருக்கு" என்று பூசி மெழுகினாள். அச்சானதும் ஆளுக்கொரு பிரதி கொடுத்தார்கள். அவள் தன் பிரதியைத் திறந்து கூடப் பார்க்காமல் ஆபீஸ் டிராயரிலேயே போட்டுப் பூட்டினாள். எப்படியாவது அந்தப் புத்தகம் மகள் கண்ணில் படாமலே போய்விடாதா என்று நினைத்தாள். அது பைத்தியக்காரத்தனம் என்பது அவளுக்கே தெரியும். அவர்கள் புத்தகம் போடுவதே பள்ளிக்கூடங்களுக்கு விற்கத்தான்.

ஒரு நாள் மாலை பெரியவள் பள்ளியிலிருந்து வந்து, பையை இறக்கி வைத்தாள். காலணியைக் கழற்றி வரிசையாக வைத்தாள். வழக்கமாக உதறிவிட்டு ஓடுகிறவள்.

"லைப்ரரி பீரியட்ல புக்கு வந்துச்சும்மா."

அம்மா அடுப்பை அணைத்தாள்.

"பையனாத்தான் போட்டிருக்காங்க. எல்லாரும் சிரிச்சாங்க. பின்னால உக்கார்ற பையன் ஒருத்தன், உன் தம்பிதானே ஏறினான், புக்குல சரியாத்தான் போட்டிருக்குன்னான்." பையிலிருந்த டிபன் டப்பாவை வெளியே எடுத்து, திரும்ப உள்ளே வைத்தாள். "அப்புறம் நடுப்பக்கத்தைத் திருப்பினேன். மேல பையன் குனிஞ்சு பாக்கறான். தண்ணியில நான் இருக்கேன். ரெட்டைச் சடையோட."

அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது. நிழல் தாள்! தலையில் அடித்துக்கொள்ளக் கை தூக்கியவள் அப்படியே நிறுத்தினாள்.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள் மகள். "ஆபீஸ்ல மேல வெக்க விடமாட்டாங்கன்னு எங்கம்மா என்னைத் தண்ணிக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு. பொண்ணுங்க எல்லாம் வந்து பாத்தாங்க. புக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் பாத்தாங்க."

சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். எதற்கோ காத்திருப்பது போல இருந்தது.

"ம்" என்றாள் அம்மா. 

அன்றைக்கு அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள், பேசாமல் இருந்திருந்தால் கூடத் தாங்கியிருப்பாள். செய்யாத நல்ல காரியத்துக்குக் கிடைத்த மரியாதையை என்ன செய்வது? அண்ணன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. அவனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் போல. பாவம், இத்தனை வருஷம் அவன் மேல் உள்ளுக்குள் ஒரு கோபம் வைத்திருந்தாள்.

பெண் பிள்ளைகள் அதோடு விடவில்லை. லைப்ரரியில் அந்தப் பதிப்பகத்தின் பழைய புத்தகங்களையெல்லாம் இறக்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட ஆரம்பித்தார்கள். இந்தப் பையன் காதில் ஏன் வெள்ளைப் புள்ளி? இந்தக் கால்சட்டை ஏன் மணியாட்டம் விரிந்திருக்கிறது? எல்லாக் கதையிலும் இந்தத் தங்கச்சிகளுக்குக் கைதட்டுவதை விட்டால் வேறு வேலையே கிடையாதா? கடைசியில் வகுப்புப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுப் பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பிவிட்டார்கள். "தண்ணீரில் இருக்கிற பெண் யார்? அவள் ஏன் மேலே இல்லை? எங்களுக்குப் பதில் வேண்டும்" என்று அதில் இருந்தது. அனுப்பியதோடு நில்லாமல் பக்கத்து வகுப்புக்கும் எழுதிக் கொடுத்தார்கள். வேறு பள்ளியில் இருக்கிற அக்கா தங்கச்சிகளுக்கும் அது போனது.

எடிட்டர் மறுபடி அவளைக் கூப்பிட்டனுப்பினார்; அவர் மேஜையில் கடிதங்கள் கிடந்தன. கம்ப்யூட்டர்காரர் ஏற்கெனவே உள்ளே நின்றிருந்தார். "நான் ஒட்டற ஆளு சார், பாக்கற ஆளு இல்ல. ரெண்டு கவர் குடுத்தாங்க, ரெண்டையும் சேத்தேன்" என்று சொல்லிவிட்டு நழுவினார். போகிறபோது அவளைப் பார்த்து, பாவமாகத் தலையை ஆட்டினார்.

"உக்காருங்கம்மா" என்றார் எடிட்டர். கோபமே இல்லை. "தப்பு யாருக்கும் வரும். நிழல் தாளை எடுக்க மறந்துட்டீங்க, அவ்ளோதானே? முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். ரெண்டாம் அச்சு போகுது. அதுக்குள்ள தண்ணியில இருக்கறதுக்கும் முடி வெட்டிடுங்க, விஷயம் முடிஞ்சுது."

"மறந்துட்டேன் சார்." நாக்கு நுனியில் இருந்தது அந்த வார்த்தை. உண்மையும் அதுதான். சொன்னால் நாற்காலி தப்பும், பிரஷ் தப்பும், நாளைக்கும் கம்ப்யூட்டர்காரர் எட்டிப் பார்த்து எத்தனை தலை என்பார். இவள் மறுபடி வெள்ளைப் பெயிண்டைக் குழைப்பாள். புது அச்சும் ஒரு நாள் அந்த லைப்ரரிக்கு வரும். வகுப்பு முழுக்கக் கூடி நிற்க, மகள் நடுப்பக்கத்தைத் திருப்புவாள்.

"மறக்கல சார்" என்றாள். "வேணும்னுதான் வெச்சேன்."

எடிட்டர் பேனாவை மூடினார். "யோசிச்சுப் பேசுங்கம்மா. மறந்தீங்கன்னா அது வேற. தெரிஞ்சே வெச்சீங்கன்னா அது ஏமாத்து வேலை. நான் உங்களைக் காப்பாத்த முடியாது."

"தெரிஞ்சேதான் சார் வெச்சேன்." இருமல் போல வரவில்லை இந்தத் தடவை. "மேலதான் வெச்சிருக்கணும். எனக்குத் தைரியம் இல்ல. அதனால தண்ணியில வெச்சேன். அதை நான் அழிக்க மாட்டேன்."

அவர் கடிதங்களை அடுக்கி ஓரமாக வைத்தார். "நீங்க அழிக்கலன்னா வேற ஆள் அழிக்கப் போறாங்க. இதுல உங்களுக்கு என்ன லாபம்?" என்று கேட்டார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.  இனிமேல் படம் வரைகிற வேலை தர முடியாது என்றார், அதையும் மெதுவாகத்தான் சொன்னார். அவள் பிரஷ்களை டப்பாவில் போட்டாள். வெள்ளைப் பெயிண்ட் டப்பியை மேஜையிலேயே விட்டுவிட்டு இறங்கினாள்.  வீரமாவது ஒன்றாவது, என்ன காரியம் செய்துவிட்டோம் என்ற பயம்தான் கூடவே இறங்கி வந்தது.

வீட்டில் வீட்டுக்காரர் அப்போதுதான் வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். பெரியவள் தரையில் உட்கார்ந்து தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, கடையையே தூக்கிட்டு வந்துட்ட?"

"வேலை போயிடுச்சுங்க" என்றாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் ஒரு கையில் ஷூவோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். "மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன குடி முழுகிப் போயிருக்கும்? அவரே வழி காட்டியிருக்காரு!"

"நான்தான் மறக்கலையே. வேணும்னுதானே வெச்சேன்." இரண்டாவது தடவை சொல்லும்போது சுலபமாகவே வந்தது. "அன்னைக்கு வீட்டுல ஒருத்தர் கேட்டப்ப வாயை மூடிக்கிட்டு நின்னேன். இன்னைக்கு முடியல."

அது எந்த அன்றைக்கு என்று அவருக்கு விளங்கியது. முகத்தில் ஈயாடவில்லை. ஷூவைக் கீழே போட்டுவிட்டு முகம் கழுவப் போனார். குழாயைத் திறக்கிற சத்தம் வந்தது, நிறுத்துகிற சத்தம் வெகுநேரம் வரவில்லை.

அவள் அடுப்படிக்குள் போய்ச் சும்மா நின்றாள். பெரியவள் பின்னாலேயே வந்தாள்.

"அம்மா."

"ம்."

"நீ மறந்துதானே போன?"

அவள் திரும்பிப் பார்த்தாள். மகள் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள், அப்பா காதில் விழக்கூடாது என்று.

"நிழல் தாளை ஜன்னல்ல பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தானேம்மா. அது வேற கவர்ல இருந்துச்சு. புக்கைப் பாத்ததுமே தெரிஞ்சுடுச்சு, நீ அதை எடுக்கவே இல்லன்னு."

"தெரிஞ்சுமா கிளாஸ்ல அப்படிச் சொன்ன?"

"வேற என்னன்னு சொல்றது? எங்கம்மாவே என் சடையை அழிச்சுட்டாங்கன்னா?"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு நாளும் இந்தப் பிள்ளை தனியாகச் சுமந்திருக்கிறது. அவமானத்தையும் விழுங்கி, அம்மா மானத்தையும் காப்பாற்றி, வீட்டுக்கு வந்து காலணியை வரிசையாக வைத்திருக்கிறது. தான் ஒரு "ம்" சொல்லித் தப்பித்துக்கொண்டோமே என்று நினைக்க நினைக்க அழுகை முட்டியது. அடக்கவில்லை, அழுதாள். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், தொடவில்லை.

"சார்கிட்ட நிஜமாவே அப்படிச் சொன்னியாம்மா? வேணும்னே வெச்சேன்னு?"

"சொன்னேன்டி."

"அவர் முன்னாடியேவா? சத்தமாவா?"

"சத்தமாத்தான்."

 சின்னவன் உள்ளேயிருந்து கணக்கில் அடுத்தது என்ன என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அப்படின்னா நான் கிளாஸ்ல சொன்னது பொய் இல்ல" என்றாள் பெரியவள். எழுந்து, தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போனாள்.